லுபாபத்துவைத் தேடி வந்தவர்கள்

லுபாபத்து எழுதிய புத்தகத்தின் பெயரைக் கைப்பேசியில் தட்டித் தேடி, கிடைத்த பக்கத்தைத் திறந்தவர் யாராக இருந்தாலும், அடுத்த கணம் கானோ ஊரின் பழைய நகரத்துப் பாய்க்காரர் சந்தில் அவள் வீட்டு முன்கூடத்தில் வந்து நின்றார். முதலில் வந்தது ஜின்டர் ஊர் நர்ஸ் ஒருத்தி. கையில் மருந்துத் தட்டு. அடுத்து குமாசியிலிருந்து ஒரு லாரி டிரைவர், பாதி முகம் மழித்தது, பாதி முகத்தில் சோப்பு நுரை. வெங்காய விலை இறங்கி சர்க்கரை விலை ஏறியிருந்த வாரம் அது. சந்தில் இரண்டு விஷயத்தையும் ஒரே மூச்சில் பேசினோம். சர்க்கரை ஏறினால் எவனோ பதுக்குகிறான். உள்ளே போனதை யாருமே பார்க்காத ஆட்கள் ஒரு வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தால் அதற்குப் பின்னாலும் எவனோ இருக்கத்தான் வேண்டும். எங்கள் சந்தில் எதுவும் சும்மா நடக்காது. நடந்தாலும் நாங்கள் நம்புவதில்லை.

லுபாபத்து யார் என்றால், மாவு மில்லுக்கு உதிரிபாகம் விற்கும் மாலம் கர்சாலியின் மனைவி. கோஃபர் ருவா சந்தையில் அவருக்குக் கடை. அவள் வெளியே அதிகம் வராதவள். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். சமையல் முடிந்த பிறகு அவள் எழுதிக்கொண்டிருந்தாள் என்பதே புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதிலும் ஒரு கோளாறு. எங்கள் ஹவுசா மொழியில் இரண்டு ‘க’ உண்டு. ஒன்று சாதாரண க, மற்றது கொக்கி மாட்டிய க. தொண்டைக்குள் சின்னதாக ஒரு வெடிப்போடு வரும். கொக்கி இருந்தால் ‘பகி’ என்பது விருந்தாளிகள். கொக்கி விழுந்துவிட்டால் அதே ‘பகி’ வாய். ‘என் வீட்டு விருந்தாளிகள்’ என்று அவள் வைத்த தலைப்பு, அச்சகத்துக் கம்ப்யூட்டரில் கொக்கி இல்லாத காரணத்தால் ‘என் வீட்டு வாய்’ என்று வந்தது. சந்தைக் கடையில் அதை வாங்கிய இரண்டொருவரும் வீட்டு வாசல் கட்டும் சாஸ்திரம் என்று நினைத்து வாங்கியவர்கள். கைப்பேசியில் தேடினால் பல் டாக்டர்களும் பல்பொடியும் வாய்ப்புண் மருந்தும் வந்தன. அவற்றுக்கெல்லாம் கீழே, யாரும் போகாத ஆழத்தில் லுபாபத்து கிடந்தாள்.

நசிதி என்று ஒருவன் இருந்தான், செல்போன் ரிப்பேர் பண்ணுகிறவன். நம் ஊர் எழுத்தாளர்களை நம் ஊர்க்காரனே படிப்பதில்லை என்று அவனுக்கு ஆற்றாமை. கடையின் பின்பக்கம் உட்கார்ந்து ஹவுசாப் புத்தகங்களுக்கென்று ஒரு இணையதளம் நடத்தினான். எழுத்தாளர்களைக் கேட்டு முழுப் புத்தகத்தையும் அதில் ஏற்றி, ‘இந்த வாரம் இதைப் படியுங்கள்’ என்று வாரம் ஒன்றைப் பரிந்துரைப்பான். லுபாபத்துவின் புத்தகத்தை அவன் ஒரே இருப்பில் படித்துவிட்டு, அவள் தம்பி மூலம் அனுமதி வாங்கி, தலைப்பில் விழுந்த கொக்கியை எடுத்து மாட்டி, பரிந்துரைப் பட்டியலில் மேலே ஏற்றினான். விருந்தாளிகள் வர ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

வந்தவர்கள் முன்கூடத்துப் பாயில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துப் படித்தார்கள். பக்கத்தை மூடியதும் காணாமல் போனார்கள். உள்வீட்டுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு லுபாபத்து கையை மட்டும் நீட்டித் தண்ணீர் வைப்பாள். எந்த ஊர் என்று கேட்பாள். புத்தகத்தைப் பற்றி யார் சொன்னார்கள் என்று கேட்பாள். நசிதியின் தளத்தில் பார்த்தேன் என்பார்கள், என் மச்சினி சொன்னாள் என்பார்கள். ஜெத்தாவில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண் மூன்றாம் அத்தியாயத்தில் வாய்விட்டு அழுதுவிட்டு, “அக்கா, இத எழுதின கையைக் கொஞ்சம் காட்டுங்க” என்று திரைக்கு வெளியே அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். சிலர் அப்படி இல்லை. சிமெண்ட் விலை தேடப் போய்த் தவறி வந்து விழுந்த ஒருவன் சங்கடமாகச் சிரித்துவிட்டு மறைந்தான். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அவள் தண்ணீர் மொண்டு வருவதற்குள் போய்விட்டவர்கள் நிறைய. அந்தத் தண்ணீரைத் திரும்பப் பானையில் ஊற்றும்போது அவளுக்கு நெஞ்சு வலிக்கும். அந்த வலியை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

இதுகூடப் பரவாயில்லை. நிழல் இல்லாதவர்கள் வர ஆரம்பித்ததும்தான் சந்து பகலிலேயே கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தது. அவர்கள் உட்காருவதில்லை. தண்ணீர் தொடுவதில்லை. கண் மூடித் திறப்பதற்குள் புத்தகம் முழுவதையும் படித்துவிட்டு, வாசலுக்கு வந்து எங்கள் வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாசலில் பயற்று வடை சுடும் தசல்லாதான் இதை முதலில் கவனித்தவள். அவளுக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. தன் எண்ணெயையே முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றுவாள்.

“தண்ணி குடிக்காத விருந்தாளிய என் ஆயுசுல பாத்ததில்ல,” என்றாள். “டேய் நசிதி, யாருடா அதுங்க? வரிக்காரனா? ஜின்னா?”

“தேடுற கம்பெனி அனுப்புற ஆளுங்க, பாட்டி. ஊர் ஊராப் போய்ப் படிச்சிட்டு, எது எங்க இருக்குன்னு போய்ச் சொல்லும். அதுங்க மனசு வச்சாத்தான் அக்கா புத்தகம் மேல வரும்.”

“பாட்டியா? உங்கம்மாவ விட நான் சின்னவடா! சரி, வீடு வீடா எதுக்குப் பாக்குதுங்க?”

“இந்த வீட்டப் பாத்து எத்தன பேரு கை காட்டுறாங்கன்னு எண்ணும். நிறைய கை காட்டினா, அது முக்கியமான இடம்னு அர்த்தம்.”

நசிதி உள்ளதைத்தான் சொன்னான். ஆனால் யாரிடம் சொன்னான்! தசல்லா அன்றைக்கே சந்து முழுக்க, “அதோ, அந்த வீடுதான்” என்று வடை கரண்டியால் காட்டினாள். நாங்கள் அடுத்த சந்துக்காரர்களுக்குக் காட்டினோம். அவர்கள் சந்தைக்குப் போய்க் காட்டினார்கள். அங்கே என்னவோ நடக்கிறது, எழுதியது அவளே இல்லையாம், உள்ளே ஒரு ஆளை அடைத்து வைத்து எழுத வைக்கிறாளாம், தேர்தலுக்கு ஆள் சேர்க்கிறார்களாம் என்று கைப்பேசிக் குழுக்களில் எழுதி, சந்தேகம் இருந்தால் நீங்களே பாருங்கள் என்று அவள் புத்தகம் இருக்கும் இணையப் பக்கத்தின் முகவரியையும் கீழே போட்டோம். நிழலில்லாதவர்களுக்கு நல்லெண்ணம், கெட்ட எண்ணம் என்ற பேதம் தெரியாது. விரல்களை எண்ணிக்கொண்டு போனார்கள். வாரம் திரும்புவதற்குள் லுபாபத்துவின் புத்தகம் பல்பொடியைத் தாண்டி, பல் டாக்டர்களைத் தாண்டி, எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது. முன்கூடத்தில் இடம் போதாமல் விருந்தாளிகள் எங்கள் சுவரோரமாகவும் நின்று படித்தார்கள். எங்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

மாலம் கர்சாலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சந்தையில் ஆட்கள் தேய்ந்த பல்சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டே, “வீட்டுல விசேஷமாமே?” என்று கேட்டார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. கை ஓங்காதவர், மனைவி சம்பாதித்ததைக் கேட்காதவர். ஆனால் தான் இல்லாத நேரத்தில் முன்பின் தெரியாத ஆண்கள் தன் வீட்டில் உட்கார்ந்து எதையோ படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள் என்பதை எந்த மனிதரால் ஜீரணிக்க முடியும்? ஒருநாள் துவோ களியைக் கையில் எடுத்தவர் சாப்பிடாமல் வைத்தார்.

“அப்பிடி என்னத்த எழுதித் தொலச்ச அதுல?”

“படிச்சுப் பாருங்க, மைகிடா,” என்றாள். வீட்டுத் தலைவரைப் பெயர் சொல்லாமல் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“நான் எதுக்குப் படிக்கணும்? என் வீட்டுக் கதை எனக்குத் தெரியாதா?”

“உங்க வீட்டுக் கதைன்னு யாரு சொன்னது?”

அவர் தட்டைத் தள்ளிவிட்டார். அந்தக் கோபத்தில்தான் அதைச் சொன்னார்: வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிவதற்குள் இந்தக் கூட்டம் நிற்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கெசாவாவில் அப்பா வீட்டுக்குப் போய்விடு. எங்கள் ஊரில் மனைவி தானாகவே கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனால் அதற்கு ‘யாஜி’ என்று பெயர். மிளகாய்க் காரம் என்று அர்த்தம். நாள் போனால் ஆறிவிடும். கணவன் அனுப்பினால் அதற்குப் பெயர் வேறு. அது ஆறாது.

லுபாபத்து நசிதிக்குத் தம்பி மூலம் சொல்லி அனுப்பினாள். கொக்கியை எடுத்துவிட்டால் போதும் என்றான் அவன். மறுபடியும் வாய் ஆகிவிடும், நிழலில்லாதவர்கள் கொண்டுபோய்ப் பல்பொடிக்கு அடியில் போட்டுவிடுவார்கள். “ஆனா அக்காகிட்ட சொல்லு, அதுக்கப்புறம் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. என்னாலயும்தான்.” அவள் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். பக்கத்து வீட்டுச் சுவருக்குக் கேட்கிற அளவுக்குத் தேய்த்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வெயிலில் சந்து வெறிச்சோடிக் கிடந்தது. முன்கூடத்தில் யாரோ வந்து நிற்கிற அரவம் கேட்டது. லுபாபத்து வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் வந்து நின்று தண்ணீர்க் குவளையை நீட்டினாள். எடுத்துக்கொண்ட கையை அவள் பார்க்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டாள். பதிலுக்கு ஒரு இருமல்தான் கேட்டது. இரும்புத் தூள் தொண்டையில் இறங்கி இறங்கி வந்த இருமல். கல்யாணமான நாளிலிருந்து அவள் பக்கத்திலேயே படுத்திருந்து கேட்ட இருமல். கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இந்தப் பாழாய்ப்போன புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று திருட்டுத்தனமாகத் தேடிய மாலம் கர்சாலி, தன் வீட்டு முன்கூடத்தில் விருந்தாளியாக வந்து நின்றிருந்தார். கையில் இன்னும் ஸ்பேனர் இருந்தது.

அவள் திரையை விலக்கவில்லை. விலக்கினால் அவர் புருஷனாகிவிடுவார், பக்கத்தை மூடிவிடுவார் என்று பயந்தாள். முதல் பக்கத்தோடு போன அத்தனை பேரும் அவள் நினைவுக்கு வந்தார்கள். இவரும் போய்விட்டால் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம், இப்போதே பெட்டியை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இருமல் கேட்டது. அவளுக்கு உயிர் வந்தது. மறுபடியும் சத்தம் இல்லை. மறுபடியும் இருமல். பாயில் ஆள் சாய்ந்து உட்காரும் சத்தம். அந்தப் புத்தகம், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வடித்துக் கொட்டும் ஒரு பெண்ணைப் பற்றியது. விருந்தாளி ஒவ்வொருவரிடமும் எங்கிருந்து வருகிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்கிற அந்த வீட்டுக்காரன், அவளை மட்டும் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. இந்த வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் கொடுக்கப்படாத விருந்தாளி நான் ஒருத்திதான் என்று அவள் உணர்கிற இடத்தில் கதை முடிகிறது.

அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. குரலை மாற்றிப் பேச முயன்றது நன்றாகவே தெரிந்தது.

“இதுல வர்ற வீட்டுக்காரன்... அது நானா?”

லுபாபத்து திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க எந்த ஊருன்னு இன்னும் சொல்லலையே,” என்றாள்.

“கோஃபர் ருவாலேர்ந்து வரேன்.”

“புத்தகத்தப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னது?”

“ஊரே சொல்லுது. நான் ஒருத்தன்தான் படிக்காம இருந்தேன்.” இருமினார். பிறகு சொந்தக் குரலிலேயே கேட்டார்: “நீ எதாவது சாப்பிட்டியா, லுபா?”

அவள் திரைக்குப் பின்னால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கர்சாலி என்ன செய்வது என்று தெரியாமல், குடித்து முடித்த குவளையில் முன்கூடத்து மூலையில் இருந்த பானையிலிருந்து தானே தண்ணீர் மொண்டு, திரைக்கு உள்ளே கையை நீட்டினார். பிறகு கைப்பேசியில் பக்கத்தை மூடினார். மூடியதும் கடையில் போய் நின்றார். சாயங்காலம் வழக்கமான நேரத்தில், வழக்கமான வழியில் நடந்து வீட்டுக்கு வந்தார். எதிரே வந்த தசல்லா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“மத்தியானம் உன் வீட்டுல உன் இருமல் கேட்டுச்சு. நீ வந்த மாதிரியே தெரியல. என்னமோ நடக்குது,” என்றாள்.

“ஆமா, நடக்குது,” என்றார் அவர்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் நசிதி சந்து முனையில் கைப்பேசியோடு முகம் தொங்கிப்போய் நின்றான். கர்சாலியே அவனிடம் போய், லுபாபத்து சொல்லி அனுப்பியது வேண்டாம், கொக்கி இருக்கட்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்த புத்தகம் எப்போ வரும்னு கேட்டியா, அவகிட்ட கேட்டா சொல்ல மாட்டேங்குறா என்றார். நாங்கள் இதையும் தூரத்திலிருந்து பார்த்தோம். நசிதி அவருக்கு என்னவோ கொடுத்து மடக்கிவிட்டான் என்று முடிவு செய்தோம். அந்த முடிவை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை; விரல்களையும் மடக்கவில்லை. நிழலில்லாதவர்கள் வந்து எண்ணிக்கொண்டுதான் போகிறார்கள்.

இப்போது கோஃபர் ருவாவில் அந்தக் கடை மத்தியான வேளைகளில் பாதி ஷட்டரோடு கிடக்கும். பெல்ட்டோ சக்கரமோ வாங்க வருகிறவர்கள் மாலம் எங்கே என்று கேட்டால், “விருந்துக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு” என்பான் பக்கத்துக் கடைக்காரன். யார் வீட்டுக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.