சிறுத்தையை இரண்டாக்கியவர்

"மேகச் சிறுத்தை உலகத்துல ஒரே இனமாத்தான் இருந்துச்சு. நான்தான் அதை ரெண்டாக்கினேன். அதுவும் ஒரு கையில டீ டம்ளரோட."

அருங்காட்சியகத்தின் தோல் கிடங்கை முப்பத்தோரு வருடம் பார்த்துக்கொண்டு ஓய்வுபெற்ற கிடங்குக்காரர் இதைச் சொன்னபோது, சம்பந்தி பேப்பரைக்கூட மடிக்கவில்லை. அவர் பழைய போஸ்ட்மாஸ்டர். முத்திரை விழாத எதையும் நம்பியவரில்லை.

"பரவாயில்லையே. போன வாரம்தான் காண்டாமிருகத்துக்குக் கொம்பு வெச்சீங்க."

"கிடங்குல அந்தத் தோல்ல நான் எழுதிக் கட்டின சீட்டு இருக்கு, வந்து பாருங்க. பொய்னா இனி ஜென்மத்துக்கும் வாயைத் திறக்கல, போதுமா?"

"அண்ணா, இவரை இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க!" என்று உள்ளேயிருந்து கிடங்குக்காரரின் மனைவி ஆசையோடு குரல் கொடுத்தாள்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கிடங்குக்காரருக்குச் சந்தேகம் வந்தது. ஓய்வுபெற்றுப் பதினோரு வருடம். அந்தச் சீட்டை யாராவது பிய்த்து எறிந்திருந்தால்? மிச்ச ஆயுள் முழுக்கப் பேசாமல் இருப்பதை நினைத்துப் பார்த்தார். அதற்குப் பட்டினியே கிடந்துவிடலாம்.

கிடங்கில் அதே பூச்சி உருண்டை வாசனை. இப்போது அதைப் பார்த்துக்கொள்ளும் பெண் டிராயரை இழுத்தாள். இரண்டு தோல்கள்.

"பேருலதான் சிறுத்தை," என்று கிடங்குக்காரர் ஆரம்பித்தார். "புலி, சிங்கம் மாதிரி கர்ஜிக்காது. சொந்தக்காரங்க பக்கத்துலயே தனிக் குடித்தனம்."

ஒன்று பெருநிலத்துக் காட்டிலிருந்து வந்தது. மஞ்சளில் உள்ளங்கை அகலத்துக்கு மேகம்போன்ற திட்டுகள். மற்றது தீவிலிருந்து வந்தது. சாம்பல் நிறம், குட்டி மேகங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் மிளகு தூவியதுபோல் புள்ளிகள்.

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம். தப்பான சீட்டானாலும் கழற்றுவதில்லை. சரியானதை அதன்மேல் கட்டுவார்கள். தீவுத் தோலின் பின்னங்காலில் சீட்டுகள் கொத்தாகத் தொங்கின. சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தபால் பிரிப்பதுபோல் புரட்டினார். முதலாவது: மேகச் சிறுத்தை. இரண்டாவதில் கிடங்குக்காரரின் கோணல் எழுத்து: "இது வேறு. மேகம் சின்னது. முதுகில் கோடு இரண்டு." அதன் கீழே அன்றைய அதிகாரியின் சிவப்பு மை: "தூசி தட்டுவது மட்டும் உன் வேலை." பதினாறு வருடம் கழித்துக் கட்டிய மூன்றாவது: தீவு மேகச் சிறுத்தை, தனி இனம்.

"ஆராய்ச்சிக்காரங்க மரபணு வரைக்கும் பாத்துட்டுத்தான் பிரிச்சாங்க," என்றாள் அந்தப் பெண். "இவர் சும்மா பாத்தே எழுதிட்டாரு."

கிடங்குக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி இரண்டாவது சீட்டுக்கே திரும்பினார். அதன் மூலையில், தேதி முத்திரை குத்தியதுபோல, ஒரு டீ டம்ளரின் வட்டக் கறை. அதை விரலால் ஒருமுறை சுற்றி வந்தார்.

"நடந்துதான் இருக்கு, சம்பந்தி."