இரண்டு தகடுகளுக்கு நடுவே தார்மோ

1

இந்தக் கதை எனக்கு ஓர் எரிச்சலில் கிடைத்தது. பின்லாந்தில் எங்கள் தீவுக்கு ஜனவரியில் சில நாள் படகும் ஓடாது, உறைந்த கடல்மேல் காரும் ஓடாது. அப்படியொரு இரண்டுங்கெட்டான் நாளில், கடைவாசலில் பக்கத்து வீட்டு ஹில்க்கா தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

உறைந்த கடல் வெண்பட்டாய் விரிந்து...

சகிக்கவில்லை. இங்கே யாரும் கடலைப் பட்டாகப் பார்ப்பதில்லை. கார் தாங்குமா என்றுதான் பார்ப்பார்கள்.

2

ஹில்க்கா அசைவுணரி செய்யும் ஆலையில் பொறியாளர். உறைந்த கடல்மேல் அக்கரைக்குக் கார் போகும் பனிச்சாலையைத் திறக்கலாமா என்று சொல்வதும் இந்த வருஷம் அவள் தலையில் விழுந்திருந்தது. பனியின் தடிமன் போதும். அடியில் ஓடும் நீர் அதை அசைக்கிறதா என்பதுதான் கேள்வி. பனியில் ஓர் அசைவுணரிப் பெட்டியைப் பதித்துவிட்டு, கரையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். கோடு நடுங்கியது.

தம்பி தார்மோ பெட்டியருகே பனிமேல் நின்றான். (முதலில் இவனை முரடனாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.) அக்கரை மருத்துவமனையில் அன்று காலை அவனுக்குப் பெண் பிறந்திருந்தாள்.

"அது வெறும் கரண்ட் இரைச்சல்க்கா. துறையில மோட்டார் ஓடுதுல்ல, அதான்."

"இரைச்சல்னா பெட்டிக்குள்ள இருக்கிற ரெண்டு தகட்டுலயும் ஒரே மாதிரி விழும்டா. ஒண்ணுலேருந்து இன்னொண்ணைக் கழிச்சா காணாமப் போயிடும். இது கழிச்சும் நிக்குது. ஏதோ நெசமாவே அசையுது."

"அப்ப உன் பெட்டி சரியில்ல."

"பெட்டியக் குறை சொல்லாத. பொறந்திருக்கிறது என் மருமக. எனக்கு மட்டும் பாக்க ஆசையில்லையா?"

* வாசகருக்கு: பெட்டிக்குள் எதிரெதிராக இரண்டு அசையாத தகடுகள். நடுவே மெல்லிய வில்லில் தொங்கும் சிலிக்கான் துணுக்கு. பெட்டி அசைந்தால் துணுக்கு ஒரு தகட்டை நெருங்கும், மற்றதை விட்டு விலகும். நெருங்கிய பக்கம் மின்தேக்கம் கூடும், விலகிய பக்கம் குறையும். சங்கதி அவ்வளவுதான்.

3

ஹில்க்கா திரையை விட்டுவிட்டுத் தம்பியின் கால்களைப் பார்த்தாள். குளிருக்கும் அவசரத்துக்குமாக அவன் பனியை மிதித்துக்கொண்டே இருந்தான்.

"தார்மோ, ஆடாம நில்லு."

"நின்னுட்டுதானே இருக்கேன்?"

"எங்க நிக்கிற? குதிச்சுக்கிட்டுல்ல இருக்க. ஒருவேளை நீதான் அந்த நடுக்கமோ என்னமோ."

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், அவன் நின்றதும் கோடு அடங்குகிறது. அக்காவும் தம்பியும் குழந்தையைப் பார்க்கக் காரில் கிளம்பிவிடுகிறார்கள். மற்றதில், அவன் நின்ற பிறகும் கோடு நடுங்குகிறது. குழந்தை யார் ஜாடை என்று போனில் விசாரித்துக்கொண்டு கரையிலேயே கிடக்கிறார்கள்.

எது உண்மையான அசைவு, எது என் இரைச்சல்? ஹில்க்காவின் வழியிலேயே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன். இரண்டிலும் ஒன்றாக இருந்ததெல்லாம் போயிற்று. காற்று போயிற்று, மோட்டார் போயிற்று, என் புலம்பலும் போயிற்று. நல்லதுதான். கூடவே குழந்தையும் போய்விட்டாள். அவள் இரண்டிலும் இருந்தாளே. இயந்திரத்துக்குச் சரியான கணக்கு எனக்குச் சரிப்படவில்லை. இரண்டு தாள்களையும் கிழித்துப் போட்டேன்.

5

ஆக, இவ்வளவுதான் மிச்சம். தார்மோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான். பிறந்ததிலிருந்து அவன் இப்படி அசையாமல் நின்று ஹில்க்கா பார்த்ததில்லை.

"இப்ப என்னக்கா காட்டுது?"

திரையை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். அவன்மேல் இரக்கப்பட்டு மட்டும் சொல்லிவிடாதீர்கள். கார் சாவி அவன் கையில்தான் இருக்கிறது.