போவாடுவின் வாயில் வேற்றுக் குரல்

என் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் செர்வா முதலில் செய்த காரியம் ஜன்னல்களை அளந்ததுதான். புதுத் திரைச்சீலை தைக்கவாம்! அவளுடைய தம்பி போவாடு இறந்து அன்றுதான் நாற்பதாம் நாள். துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணியின் மடிப்புகூடக் கலையவில்லை, அதற்குள் அளவு நாடாவோடு வந்து நிற்கிறாள். போவாடுவின் மனைவி, என் அக்கா துஃபி, அடுக்களை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணி, தரையையும் அளந்துக்கோங்க. பாய் வாங்க வேண்டியிருக்கும்ல?" என்றேன்.

"உன் வாய ரேடியோவுல வெச்சுக்க அஃப்ரியே. இது குடும்ப விவகாரம்" என்றாள் செர்வா. நான் குமாசி நகரத்தில் ஒரு எஃப்எம் நிலையத்தில் வேலை பார்ப்பது அவளுக்கு எப்போதும் ஒரு நக்கல்.

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் பயம். எங்கள் பக்கத்தில் ஆண் சம்பாதித்தது அவனுடைய தாய்வழிக் குடும்பத்துக்குப் போகும். பெண்டாட்டியும் பிள்ளைகளும் அந்தக் குடும்பத்தில் சேர்த்தியே இல்லை. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது, சரி. ஆனால் கோர்ட்டுப் படியேறினால் தீர்ப்பு வருவதற்குள் அக்காவின் இரண்டு பெண்களும் பாட்டியாகிவிடுவார்கள். அதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. சாகக் கிடப்பவன் தன் வாயால், சாட்சிகள் கேட்க, இது இன்னாருக்கு என்று சொல்ல வேண்டும். சாட்சிகள் "கேட்டோம்" என்று பதில் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்பவள் நன்றிக்கு ஒரு பாட்டில் மது வைக்க, குடும்பத் தலைவர் அதை ஏற்றுக்கொண்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு யாராலும் அசைக்க முடியாது.

போவாடு சொல்லித்தான் இருந்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி. கேட்டது அவனுடைய நண்பன் டான்சோ ஒருவன் மட்டும். அவன் அதை வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றி எனக்கு இணைப்பை அனுப்பிவிட்டு, கப்பல் வேலைக்கு இத்தாலி போய்விட்டான். ஒற்றைச் சாட்சி, அதுவும் கடல் தாண்டி. அக்கா அந்த வீடியோவைப் பார்க்கவே இல்லை, அவளுக்குத் தைரியமில்லை. நானும் அவன் "இந்த வீடு" என்று ஆரம்பித்த இடத்தில் அழுகை தாங்காமல் நிறுத்திவிட்டேன்.

போவாடுவின் குடும்பத் தலைவர் நானா அம்பெம் நேர்மையான மனிதர், ஆனால் பிடிவாதக்காரர். "போன்ல காதுக்குக் காது கொடுத்துக் கேக்குற சமாச்சாரம் இல்ல இது. எல்லார் முன்னாலயும் பெரிய திரையில பேசட்டும். அவன் பேசினா நாங்க கேக்குறோம், நாங்களே சாட்சி" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே அன்று முற்றத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைத் திரை. ஸ்பீக்கர் வைக்க வந்தவன் யாவ் மானு. ஊரில் எந்தச் சாவுக்கும் அவன்தான் பாட்டுப் போடுவான். கடைசி நிமிடத்தில் யாராவது ஒரு கிழவி வந்து தனக்குப் பிடித்த தேவாலயப் பாட்டைக் கேட்பாள், இல்லையென்று சொன்னால் கோபித்துக்கொண்டு போவாள். அதனால் இணையத்தில் எந்தப் பாட்டைக் கண்டாலும் அள்ளிப் போட்டுக்கொள்ள, இலவசமாகக் கிடைத்த நிரல்களையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தான்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானா அம்பெம் தரையில் மது ஊற்றி முன்னோரை அழைத்தார். நான் யாவின் லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து, இணைப்பை இட்டு, அழுத்தினேன்.

திரையில் போவாடு வந்தான். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி. பின்வரிசையில் ஒரு அத்தை விசும்பினாள். "நான் க்வாபெனா போவாடு. என் அறிவு தெளிவா இருக்கு" என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. குரல் நின்றது. முகத்தைச் சுற்றி மஞ்சள் சட்டம் ஒன்று முளைத்தது. பிறகு அந்த உதட்டிலிருந்து ஒரு இளம்பெண் கலகலவென்று சிரித்தாள். "இன்னைக்கு உன் அதிர்ஷ்ட நாள்! வா, விளையாடு, அள்ளிக்கிட்டுப் போ!"

செத்தவன் வாயிலிருந்து ஒரு பெண் சிரிக்கிறாள்! நாற்காலிகள் சரிந்தன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வாசலுக்கு ஓடினாள். நான் லேப்டாப்பைப் படாரென்று அடித்து மூடினேன்.

"பாத்தீங்களா! இது என் தம்பி இல்ல. ஏதோ சூனியம் பண்ணி வெச்சிருக்காளுங்க அக்காளும் தங்கச்சியும்!" செர்வா எழுந்து நின்று கத்தினாள்.

"சூனியமும் இல்ல சுரைக்காயும் இல்ல. சூதாட்டக் கம்பெனி விளம்பரம் அண்ணி!" நானும் கத்தினேன். "யாவ், என்னத்தடா ஏத்தி வெச்சிருக்க இதுல?"

"பாட்டு இறக்குற ப்ளேயர்க்கா. ஓசியில கெடைச்சுது. நல்லாத்தான் வேலை செஞ்சுது..." அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கு அந்தச் சனியனைத் தெரியும். எங்கள் நிலையத்தில் ஒரு முறை செய்தி வாசிக்கும் நேரத்தில் புகுந்து மானத்தை வாங்கியது. பிரவுசரில் ஒட்டுண்ணியாக ஒட்டிக்கொள்ளும். நீ எந்தப் பாட்டை, எந்தப் படத்தை ஓட்டினாலும் இடையில் பாய்ந்து பிடுங்கித் தன் பெட்டியில் போட்டுக்கொண்டு விளம்பரம் காட்டும். லேப்டாப்பைத் திறந்து, பிரவுசரின் துணைக் கருவிகள், அதாவது எக்ஸ்டென்ஷன்கள், இருக்கும் பக்கத்துக்குப் போனேன். மஞ்சள் படத்தோடு உட்கார்ந்திருந்தது. நீக்கு என்பதை அழுத்தினேன். போய்விட்டது.

"நானா, இன்னொரு தடவை" என்றேன்.

நானா தலையசைத்தார். நான் பிரவுசரை மூடித் திறந்து மறுபடியும் ஓட்டினேன். "நான் க்வாபெனா போவாடு. என் அறிவு..." அவ்வளவுதான். மஞ்சள் சட்டம் திரும்பி வந்தது. இந்த முறை அவன் முகம் வாய் திறந்தபடி உறைந்து நிற்க, அதே பெண் இன்னும் உரக்கச் சிரித்தாள்.

யாரும் ஓடவில்லை. அதுதான் இன்னும் பயங்கரம்.

நானா அம்பெம் மெல்லச் சொன்னார். "செத்தவன நாய கூப்பிடுற மாதிரி திரும்பத் திரும்பக் கூப்பிடக்கூடாது. இன்னும் ஒரே தடவை. அவன் பேசலைன்னா, பேச விருப்பமில்லன்னு எடுத்துக்குவோம். வீடு குடும்பத்துக்கு."

செர்வா உட்கார்ந்து துணியைச் சரிசெய்துகொண்டாள். அக்கா என் காதருகே குனிந்தாள். "அவருக்கு நிஜமாவே விருப்பமில்லையோ அஃப்ரியே?" அவளும் நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

"வாய மூடுக்கா" என்றேன்.

யோசி, யோசி. ஒட்டுண்ணியைப் பிய்த்த பிறகும் வருகிறதென்றால் அதை அனுப்பி வைக்கும் தாய் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பார்த்தேன். இருந்தது, ஏதோ கடிகாரம் என்று பேர் வைத்துக்கொண்டு! முதலில் அதன் ஓட்டத்தை நிறுத்தினேன். பிறகு நிறுவிய நிரல்கள் இருக்கும் இடத்துக்குப் போய் வேரோடு பிடுங்கப் போனேன். ஒரு பெட்டி எழும்பியது. பச்சை நிறத்தில் பெரிய பொத்தான்: 'ஆம், தொடர்ந்து பாதுகாப்பாக இரு.' அதற்குக் கீழே கண்ணுக்கே தெரியாத சாம்பல் எழுத்தில்: 'வேண்டாம், போய்விடு.' கை உதறிய உதறலில் அம்புக்குறி பச்சையை நோக்கியே வழுக்கிக்கொண்டு போனது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சாம்பலை அழுத்தினேன். மறுபடியும் கேட்டது. மறுபடியும் அழுத்தினேன். இன்னொரு தடவை பிரவுசருக்குள் போய் ஒட்டுண்ணியையும் களைந்தேன். லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டேன். அது உயிர் பெறுகிற நேரம் முழுக்க என் முதுகில் அத்தனை கண்களும் ஊர்ந்தன.

மஞ்சள் படம் இல்லை. நிஜமாகவே இல்லையா, ஒளிந்திருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு அழுத்தினேன்.

திரை கறுத்தது. நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இணையம் இழுக்கிறதா, அந்தச் சிரிப்புக்காரி கிளம்பி வருகிறாளா?

"நான் க்வாபெனா போவாடு. என் அறிவு தெளிவா இருக்கு." "எஜிசு ஊருல இருக்குற இந்த வீடு என் கையால கட்டினது. குடும்பத்துப் பணம் ஒரு செங்கல்லுலகூட இல்ல. இந்த வீடு துஃபிக்கும் என் ரெண்டு பொண்ணுங்களுக்கும். அக்கா செர்வா, கோவிச்சுக்காத. உனக்கு என் கோகோ தோட்டம் இருக்கு." இருமினான். நீளமாக இருமினான். ஒவ்வொரு இருமலுக்கும் அந்தப் பெண் சிரிப்பாளோ என்று முற்றமே பின்னால் சாய்ந்தது.

சிரிக்கவில்லை. போவாடு தலையைத் தூக்க முயன்றான். படம் ஆடியது, டான்சோ போனை முகத்துக்கு நேரே கொண்டு போயிருக்க வேண்டும். போவாடுவின் கண்கள் திரை முழுக்க வந்து எங்கள் எல்லோரையும் நேராகப் பார்த்தன.

"கேட்டீங்களா?" என்றான்.

யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கண்களுக்கு முன்னால் யோசிக்க யாருக்குத் தைரியம் இருந்தது? இரண்டு தடவை வேற்றுக் குரலில் சிரித்தவன், இப்போது சொந்தக் குரலில் கேட்கிறான்.

"கேட்டோம்!" என்றது முற்றம். கிழவர்கள், அத்தைகள், வாசலில் பிள்ளையோடு நின்றவள், பயத்தில் குரல் உடைந்த யாவ் மானு. எல்லோரையும் விட உரக்க, முன்வரிசையிலிருந்து செர்வா.

சொன்ன பிறகுதான் அவள் கையால் வாயைப் பொத்தினாள்.

வீடியோ முடிந்தது. "நான்... நான் பயத்துல சொல்லிட்டேன் நானா" என்றாள் செர்வா.

"நானும் பயத்துலதான் சொன்னேன்" என்றார் நானா அம்பெம். அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "சொன்னது சொன்னதுதான். அவன் காதுல விழுந்தாச்சு." பிறகு அக்கா பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினார்.

துஃபி எழுந்தாள். குனிந்து, காலையிலிருந்து நாற்காலிக்கு அடியில் துணி சுற்றி ஒளித்து வைத்திருந்த மது பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.