புகையிலைத் தண்ணீர்ப் போத்தல்

தோட்டக்காரன் இராயப்பனுக்கு முதல் எஜமானி பங்களாவில் இருக்கும் தொரைசாணி. இரண்டாவது எஜமானி, கண்ணாடி வீட்டுக்குள் தொட்டி தொட்டியாய் நிற்கும் பிகோனியாச் செடிகள். தனக்குக் கிடைப்பது மூன்றாமிடம் என்று அவன் மனைவி மார்கிரட் சொல்லுவாள். அதைப் பொய்யென்று சொல்ல முடியாது.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியும் பொகவந்தலாவைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் தொரைதான். அவருடைய மனைவிக்கு நுவரெலியா மலர்க் கண்காட்சியில் பரிசு வாங்காவிட்டால் சோறு இறங்காது. அந்தப் பங்குனியில் பார்த்துச் செடிகளில் அசுவினிப் பூச்சி ஏறிவிட்டது. வெளியே இருந்தால் மழையும் காற்றும் பாதியை அடித்துக்கொண்டு போயிருக்கும். கண்ணாடிக்குள் அந்தப் பூச்சிகள் கதகதப்பாய்க் குடும்பம் நடத்தின.

அதற்கு மருந்து புகையிலைத் தண்ணீர். புகையிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, கொஞ்சம் துணி துவைக்கும் சவுக்காரம் கரைத்து, பித்தளைப் பம்பில் ஊற்றி அடித்தால் பூச்சி சுருண்டு விழும். பூச்சி மட்டுமா? போன வருஷம் வாளியில் மிச்சமிருந்ததை நக்கிய தொரையின் நாய் புல்லில் விழுந்து துடித்தே செத்தது. அதிலிருந்து இராயப்பன் அதைப் பங்களாவில் வைப்பதில்லை. தான் குடியிருக்கும் லயத்திலேயே காய்ச்சிப் போத்தலில் கொண்டுபோவான். பெரிய புத்திசாலி என்று நினைப்பு!

புகையிலை மார்கிரட்டின் வெற்றிலைப் பெட்டியில் இருந்தது. அது வாயில் இல்லாமல் அவளுக்குக் கொழுந்து பறிக்கக் கை ஓடாது. ஆனால் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று, உயிர்த்த ஞாயிறான பாஸ்கு வரைக்கும் புகையிலையைத் தொடமாட்டேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். புகையிலையோடு பொறுமையும் போயிற்று. அவன் கேட்காமல் பெட்டியிலிருந்ததையெல்லாம் எடுத்துக் கொதிக்கவைத்ததைப் பார்த்ததும் சண்டை பிடித்துக்கொண்டாள்.

"பாஸ்குவுக்குன்னு எடுத்து வச்சிருந்தேங்க! அத அந்தப் பூவுக்குக் குடுத்துட்டீங்களே!"

"நீ எங்க பாஸ்கு வரைக்கும் தாங்கப் போற? இப்பவே எனக்குத் தெரியாம போடுறியோ என்னமோ."

சொல்லியிருக்க வேண்டாம். மார்கிரட் வெற்றிலைப் பெட்டியை அறைந்து மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தினமும் விடிகாலையில் சாயத்தண்ணி என்கிற பாலில்லாத தேத்தண்ணி ஊற்றி, அவள் மலைக்குக் கொண்டுபோகும் போத்தலை நிரப்பி வைப்பது அவன் வேலை. மறுநாள் அவளே எழுந்து, இஞ்சி தட்டிப் போட்டுப் போத்தலில் ஊற்றிக்கொண்டாள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்தது. அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், அடுப்படி இருட்டில் கைக்கு அகப்பட்ட போத்தலைக் கூடையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அங்கே இரண்டு போத்தல்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே நிறத் தண்ணீர், ஒரே கடுதாசி அடைப்பு.

கண்ணாடி வீட்டில் இராயப்பன் பாதிப் போத்தலைப் பம்பில் கவிழ்த்து, சவுக்காரம் கரைத்து அடித்தான். பூச்சிகள் சௌக்கியமாய் இருந்தன. காரம் போதவில்லையோ என்று போத்தலை முகர்ந்தான். இஞ்சி வாசம் வந்தது.

பம்பு கையிலிருந்து விழுந்தது. துடித்துச் செத்த நாய் கண்முன் வந்து நின்றது.

எந்நேரமும் புகையிலையை அடக்கிய வாய்க்கு அந்த நெடி வித்தியாசமாகவா தெரியும்? நேர்ந்தபடி விட்டிருந்தால் மூக்கு காட்டிக்கொடுக்கும். திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டிருந்தால் மடமடவென்று குடித்துவிடுவாள். "மாதாவே, நான் சொன்னது பொய்யா இருக்கணும், அவ சுத்தமா விட்டிருக்கணும்" என்று புலம்பிக்கொண்டே ஓடினான். ஓடையைத் தாண்டி, வடிகால் கானில் வழுக்கி விழுந்து எழுந்து, மார்கிரட் கொழுந்து பறிக்கும் ஐந்தாம் நம்பர் மலைக்கு ஏறினான்.

"டேய் இராயப்பா, பூந்தோட்டத்த விட்டுட்டு இங்க என்னடா வேல?" என்றார் வீரய்யா கங்காணி.

"மார்கிரட்டு எங்கங்க?"

"அந்தா, கல்லுக்கிட்ட. எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்காங்க."

மார்கிரட் கல்லில் சாய்ந்து கண்களை மூடியிருந்தாள். இராயப்பன் எட்ட நின்றே கத்தினான்.

"மார்கிரட்டு! குடிச்சிட்டியா?"

அவள் கண் திறந்து முறைத்தாள். "எதக் குடிக்கச் சொல்றீங்க? அடைப்ப எடுத்ததுமே குப்புன்னு அடிச்சிச்சு. நான் ஊத்தி வச்ச தேத்தண்ணியில பொகையிலயக் கலந்து என் நேத்திக்கடன முறிக்கப் பாத்தீங்க. பொய் சொல்லமாட்டேன், நாக்கு ஊறுச்சு. வாய் வரைக்கும் கொண்டு போயிட்டேன். அப்பதான் நேத்து நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. இந்த மனுசன்கிட்ட தோக்கக்கூடாதுன்னு அங்க வச்சிட்டேன்."

தேயிலைச் செடியின் அடியில் போத்தல் நிறைந்தபடி நின்றது.

"அது தேத்தண்ணி இல்ல புள்ள. பூச்சி மருந்து."

மார்கிரட்டின் கை தானாக எழுந்து சிலுவை போட்டது. இராயப்பன் ஈர மண்ணில் உட்கார்ந்து, அத்தனை பெண்களுக்கு முன்னால் ஓவென்று அழுதான். போன உயிர் திரும்பி வந்த அழுகை அது. பக்கத்தில் இருந்த மீனம்மா முதலில் பயந்து, பிறகு சிரித்துவிட்டாள்.

"போதும், எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் மார்கிரட். குரல் இளகியிருந்தது. "அப்ப என் இஞ்சித் தேத்தண்ணி?"

"செடிக்கு அடிச்சிட்டேன்."

"முழுசையுமா?"

"பாதிதான்."

"மிச்சத்தக் கொண்டாங்க. தொண்ட காயுது."

அவன் புகையிலைத் தண்ணீரை அங்கேயே குழி தோண்டிக் கொட்டி மூடிவிட்டு இறங்கி ஓடினான். கண்ணாடி வீட்டு வாசலில் தொரைசாணி இடுப்பில் கைவைத்து நின்றாள். பூச்சி அப்பிய பிகோனியாவைக் காட்டி என்னவோ கத்தினாள்.

"நாளைக்குப் பாக்கலாங்க தொரைசாணி," என்று சொல்லிவிட்டு, இராயப்பன் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு மறுபடியும் மலை ஏறினான்.