எங்கள் வீட்டுக் குப்பை, ஏழு நாள்

கல்லூரியில் மானிடவியலும் தொல்லியலும் எடுத்திருக்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, பத்து மாதமாக, அப்பா என்னோடு நேராகப் பேசுவதில்லை. ஒரே மேஜையில்தான் சாப்பிடுவோம். பேச்சு மட்டும் அம்மா வழியாகச் சுற்றி வரும்.

"மண்ணு தோண்டறதுக்கு எதுக்குக் காலேஜுன்னு கேளு அவளை."

அம்மா என் பக்கம் திரும்புவாள். "கேட்டுச்சில்ல?"

வணிகவியலுக்கு மாறும் படிவத்தை அப்பாவே வாங்கி வந்து, தன் கையெழுத்தையும் போட்டு, டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவரை எதிர்த்துக்கொண்டு படிக்க எனக்குத் தெம்பு இருந்தது, ஆசைதான் இல்லை.

அந்த வாரம் பார்த்துத்தானா பேராசிரியை அப்படியொரு பயிற்சி கொடுக்க வேண்டும்? ஒரு வீட்டின் ஏழு நாள் குப்பையைப் பிரித்து, அங்கே யார், எப்படி வாழ்கிறார்கள் என்று எழுத வேண்டும். "செத்தவங்ககிட்ட கேள்வி கேட்க முடியாதில்லையா? உயிரோட இருக்கறவங்ககிட்டயும் கேட்காதீங்க. குப்பை சொன்னா போதும்."

பக்கத்து வீட்டு அத்தை, என் கையுறையைப் பார்த்ததுமே கதவைச் சாத்திக்கொண்டார். சரி, எங்கள் வீட்டுக் குப்பை வாளியே போதும் என்று முடிவு செய்தேன். அதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

மறுநாளிலிருந்து அம்மா குப்பையைக் கழுவிப் போட ஆரம்பித்தாள். "உங்க டீச்சர் பார்ப்பாங்கல்ல? நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க!" பால் பாக்கெட்டுகள் துடைத்து, மடித்து வந்தன. உருளைக்கிழங்குத் தோல் திடீரென்று காகிதம்போல மெலிந்தது. இனிப்பை விட்டுவிட்டதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த அண்ணனின் சாக்லேட் உறைகள், இரவோடிரவாக அத்தை வீட்டு வாளிக்குக் குடிபோயின. மூன்றாம் நாள் என் நோட்டுப்படி, எங்கள் வீட்டில் வாழ்ந்தவர்கள் கீரை தின்னும் சந்நியாசிகள்.

அப்பா மட்டும் வாளிப் பக்கமே வரவில்லை. "நம்ம வீட்டுக் குப்பையை ஊருக்கே கடை பரப்பப் போறாளாமா?" என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டார், அவ்வளவுதான்.

வியாழன் மாலை, பால்கனியில் செய்தித்தாளை விரித்து வாளியைக் கவிழ்த்தேன். வெங்காயச் சருகுக்கும் டீத்தூளுக்கும் நடுவே, வாய் மடித்து ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே எட்டுக் காகிதத் துண்டுகள். ஒரு துளி ஈரம் இல்லை. ஆய்வகத்தில் ஒரு பானையின் சில்லுகளைச் சேர்க்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

துறை மாற்றப் படிவம். அடியில் அப்பாவின் கையெழுத்து.

கிழித்ததல்ல, வெட்டியது. எட்டும் ஒரே அளவு, ஓரங்கள் நூல் பிடித்ததுபோல நேர். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிற மனிதருக்கு, கோபத்தில்கூடக் கோணலாக வெட்ட வராது. கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. கேட்கவில்லை. கையுறையைக் கழற்ற மறந்து அழுததில் மூக்கைத்தான் துடைக்க முடியவில்லை.

உள்ளே போனேன். அப்பா செய்தித்தாளை விட்டுத் தலை நிமிரவில்லை. "கையைக் கழுவச் சொல்லு அவளை" என்றார் அம்மாவிடம்.

வெள்ளி வந்தது, போனது.

திங்களன்று பேராசிரியை என் அறிக்கையைச் சிரித்துச் சிரித்துப் படித்தார். பட்டியலின் நாற்பத்தொன்றாம் பொருளான அந்தப் பிளாஸ்டிக் உறையில் நின்று, சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். "இது குப்பையே இல்லம்மா. ஈரம் படாம பொத்திப் பொத்தி யாராவது குப்பை போடுவாங்களா? உன் கையில கிடைக்கணும்னே வச்சிருக்காங்க. பட்டியல்ல சேர்த்தது தப்பு."

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கேட்டார். "எவ்வளவு வந்துச்சு?"

பழக்க தோஷம், அம்மா என் பக்கம் திரும்பினாள். "கேட்டுச்சில்ல?" பிறகுதான், அவர் தன்னைப் பார்த்துக் கேட்கவில்லை என்று அவளுக்கு உறைத்தது.

"இருபதுக்குப் பதினெட்டு."

"மிச்சம் ரெண்டு எங்க போச்சு?"

"உங்களாலதான்ப்பா போச்சு."