வெள்ளிக்கிழமை ஊற்றிய வெந்நீர்

"நீயா போய்ச் சொல்றியா, இல்ல நான் போய்ச் சொல்லட்டுமா?"

நெவென்கா கத்தியது ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. தகர வேலி எதைத்தான் மறைக்கும்?

"மெல்லப் பேசுடி. எல்லாருக்கும் காது இருக்கு."

"இருக்கட்டும்! அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சு. நீ இங்க நின்னு மீன் வறுக்குற!"

அவள் கணவர் டிங்கோ உண்மையிலேயே மத்தி வறுத்துக்கொண்டிருந்தார்.

இருபத்தாறு வருடம் மீன் டப்பா ஆலையில் இருந்த மனிதர். ஷிப்ட் முடிந்தால் கண்ணில் படும் எஃகுக்கெல்லாம் கொதிநீர் விட்டுக் கழுவுவது அங்கே பழக்கம். அது மூடியபின் எண்ணெய் ஆலைக்கு வந்தார். இங்கே சூரைமீன் எண்ணெயை ஓர் எஃகு உருளைக்குள் விடுவார்கள். உள்ளே ஜவ்வரிசி போல நொதி மணிகள். அவைதான் எண்ணெயைப் பிரித்துக் கோத்து, இதயத்துக்கு நல்லதென்கிற கொழுப்பை அதில் ஏற்றும். சூடு மிஞ்சினால் செத்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை டிங்கோவின் கை தானாகவே அந்த உருளைக்குள் கொதிநீர்க் குழாயைத் திறந்துவிட்டது. மணிகள் பார்வைக்கு அப்படியேதான் இருந்தன. திங்கட்கிழமை உள்ளே போன எண்ணெய் போனபடியே வெளியே வந்தது.

திங்கள் ஷிப்ட் ரோவெனாவுடையது. பிலிப்பைன்ஸ்காரி, ஏஜென்சி ஆள். 'நாளையிலிருந்து வரவேண்டாம்' என்று போனில் ஒரு செய்தி, அதுதான் விசாரணை. டிங்கோவையும் கேட்டார்கள். "நான் எதுவும் பாக்கல" என்றாராம்.

"இத்தன வருஷ அனுபவம்னு பீத்திக்கிட்டு, வெந்நீர ஊத்திக் கெடுத்தேன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்வேன்?"

"அவ மூஞ்சிய மட்டும் பாக்க முடியுதா உன்னால?"

கடைசியில் நெவென்கா பொரித்த க்ரோஷ்டுலே பலகாரம் ஒரு தட்டு நிறைய வைத்து, உண்மையைச் சொல்லிவிட்டு வரச் சொல்லி அவரை ரோவெனா வீட்டுக்கு அனுப்பினாள். ரோவெனா பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மகனின் பள்ளிச் சட்டை மேலே மடித்திருந்தது.

"ஆலையிலேர்ந்து நீங்க ஒருத்தர்தாண்ணே பாக்க வந்தீங்க" என்று அவள் கண்ணைத் துடைத்தாள்.

டிங்கோ காலித் தட்டோடு திரும்பினார்.

ரோவெனா மகனோடு வயாலா நகருக்குப் போய்விட்டாள். அடுத்த கோடையில் டிங்கோவின் மகள் மாரியாவுக்கும் ஆலை சூப்பர்வைசர் மகனுக்கும் கல்யாணம். விருந்தில் யாரோ கொதிக்கிற பானையில் கிரீமை ஊற்றித் திரியவைத்துவிட்டார்கள்.

"அடப்பாவி, ரோவெனா வேலை பண்ணிட்டியே!" என்றார் சூப்பர்வைசர். யார் எதைக் கெடுத்தாலும் ஆலையில் இப்போது அப்படித்தான் சொல்வார்கள்.

மேசையே சிரித்தது. நெவென்கா கணவரைப் பார்த்தாள். எல்லாரோடும் சேர்ந்து டிங்கோவும் சிரித்துக்கொண்டிருந்தார்.