விழுந்த துப்பாக்கியை யார் எடுப்பது

மவுரீன் விதிகளைப் படிக்க ஆரம்பித்தால் கொட்டாவி விடாதவன் அந்தக் களத்தில் ஒருவனும் கிடையாது. ஆனால் ஒருவனும் இடத்தை விட்டு நகரவும் மாட்டான். நாற்பத்தாறு வயது, குட்டை உருவம், வெளிறிப்போன சிவப்புத் தொப்பி, இடுப்பில் ஒரு டைமர், இவ்வளவுதான் ஆள். வீடு ஜெராமில். வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் வேலை. போட்டி நடக்கும் ஞாயிறுகளில் மட்டும், முதல் நாள் மாலையே சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு, கோல சிலாங்கூருக்கு வெளியே செம்பனைக்கு நடுவில் இருக்கும் இந்தச் சுடுகளத்துக்கு வந்துவிடுவாள். இங்கே அவள் ஆர்.ஓ., அதாவது சுடுகிறவர்களைக் கண்காணிக்கும் அதிகாரி. கைத்துப்பாக்கியோடு ஓடி ஓடிச் சுடுகிறவன் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று கட்டளை கொடுக்க வேண்டும். அவன் விரலையும் துப்பாக்கி வாயையும் விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. குண்டு எங்கே பட்டது என்று எண்ண வேறு ஆள் உண்டு.

அன்று காலையும் ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்றாள்.

"ஆறாவது. துப்பாக்கி கீழ விழுந்தா தொடாதீங்க. அப்படியே விட்டுட்டு கையத் தூக்கி என்னயக் கூப்பிடுங்க. நான் வந்து எடுப்பேன், காலியா இருக்கான்னு பாப்பேன், ஒங்க உறையில வச்சு விடுவேன். சுடாத நேரத்துல காலித் துப்பாக்கி விழுந்தா குத்தமே இல்ல. ஆனா நீங்களா குனிஞ்சு எடுத்தா அன்னிக்குப் போட்டி முடிஞ்சுச்சு. கடவுளே எறங்கி வந்து எடுத்தாலும் வெளியதான் லா."

"அதுக்கு நான் சாட்சி!" என்று பின்னாலிருந்து கத்தினார் லூகாஸ். கிள்ளானில் பல் டாக்டர். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே காரியத்தைச் செய்து, மவுரீன் கையாலேயே வெளியே போனவர். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிப்புக்கு நடுவில் காற்று அடித்து, மவுரீன் கையிலிருந்த விதிப் புத்தகம் நழுவிப் புல்லில் விழுந்தது. குனிந்து எடுத்தாள், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள், விட்ட இடத்திலிருந்து படித்தாள். இரண்டு மலாய்க்காரப் பையன்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள். தமிழர்கள் யாரும் கவனிக்கவே இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பிறந்தவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. பள்ளிக்கூடப் புத்தகமோ, குலை வெட்டுகிற அரிவாளோ, சோறு போடுகிற பொருள் எதுவானாலும் கீழே விழுந்தால் உடனே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். கோயிலுக்குப் போகிற வீடு, சர்ச்சுக்குப் போகிற வீடு என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது.

முன்வரிசையில் நின்ற புனிதவதி மட்டும் சிரிக்கவில்லை. உதட்டை அசைத்து மவுரீனோடு சேர்ந்து விதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வயது. சபாக் போகிற பாதையில் ஒரு பெரிய தோட்டத்தில் துணைப் போலீஸ். வாசல் கேட்டில் இராத்திரிக் காவல், மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. இடுப்பில் இருக்கும் துப்பாக்கி கம்பெனியுடையது. போட்டியில் சுட அனுமதி வாங்கவே நாலு கடிதம் எழுதியிருந்தாள்.

தேநீர் இடைவேளையில் அவள்தான் மவுரீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறி லயத்தை இடித்தபோது ஆளுக்கொரு திசையாகப் போனவர்கள், இந்தக் களத்தில்தான் மறுபடி பார்த்துக்கொண்டார்கள்.

"அஞ்சு ஸ்டேஜ் முடிஞ்சிருச்சுக்கா. இன்னும் ஒன்னுதான்."

"எத்தனாவது எடத்துல இருக்கே?"

"எடமெல்லாம் எனக்கு எதுக்குக்கா? அவங்க கேட்டது ஒன்னுதான்."

அந்த ஒன்று மவுரீனுக்குத் தெரியும். உலு யாமில் கம்பெனியின் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே சுடச் சொல்லிக்கொடுக்கும் ஆள் வேலை காலியாக இருந்தது. பகல் வேலை, தங்க வீடு. இந்த ஆண்டின் மூன்று போட்டிகளையும் தகுதி நீக்கம் இல்லாமல் முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு முடிந்துவிட்டது. இன்று மூன்றாவது. பெயர் கொடுக்கக் கடைசி நாள் நாளை.

"பிள்ளகிட்ட சொல்லிட்டேன்கா," என்றாள் புனிதவதி. "அடுத்த மாசத்துலேர்ந்து அம்மா ராத்திரி ஒம் பக்கத்துலதான் படுப்பேன்னு."

பிள்ளை மாதவிக்கு எட்டு வயது. அப்பன் திவாகரன் மூன்று வருடத்துக்கு முன்னால் லோரி கவிழ்ந்து செத்துப்போனான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக டவுனுக்குப் போய்விட்டார்கள். மாலை ஆறரைக்குச் சோறு ஊட்டி, கதவை வெளியே பூட்டி, விளக்கை எரியவிட்டு, பிள்ளை கையில் ஒரு பழைய ஃபோனைக் கொடுத்துவிட்டுத்தான் புனிதவதி கேட்டுக்குப் போவாள். பத்து மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவாள். இரண்டு மணிக்குக் கூப்பிடுவதில்லை, தூங்குகிற பிள்ளை பயந்துவிடும் என்று. இதையெல்லாம் புனிதவதி குறையாகச் சொன்னதே கிடையாது.

"கடைசி ஸ்டேஜ் வெறும் எட்டு குண்டு," என்றாள் மவுரீன். "எட்டும் தப்பாப் போனாலும் பரவால்ல. அவசரப்படாம சுட்டுட்டு வீட்டுக்குப் போ."

"சரிக்கா," என்று புனிதவதி சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கும் அவளுக்கு. சிரித்தால் சின்னப் பிள்ளை மாதிரி இருப்பாள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் கொட்டிவிட்டு நின்றது. செம்மண்ணெல்லாம் குழம்பாகிவிட்டது. பக்கத்துத் தடுப்பில் வேறொரு குழு சுடத் தொடங்கியது. புனிதவதி குழுவைக் கூப்பிட இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

களத்தின் ஓரத்தில் பாதுகாப்பு மேசை ஒன்று உண்டு. ஆர்.ஓ. இல்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுக்க அனுமதி உள்ள ஒரே இடம் அது. குண்டு மட்டும் அங்கே கொண்டுபோகக் கூடாது. கீழே விழுந்தால் அங்கேயும் அதே ஆறாவது விதிதான். புனிதவதி அங்கே நின்று, மழைக்காகப் பையில் போட்டிருந்த துப்பாக்கியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். மவுரீன் இருபது அடி தள்ளி, ஈரமான டைமரைச் சட்டையில் துடைத்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைப் பழக்கம். துப்பாக்கி இருக்கிற கையைக் கண் தானாகத் தேடிப் போகும்.

துணியை மடிக்க புனிதவதி துப்பாக்கியை மேசையில் வைத்தாள். ஈரப் பலகை. ஓரத்தில் வைத்துவிட்டாள். வழுக்கியது. மேசைக் காலில் ஒரு தட்டுத் தட்டி, சேற்றில் போய் விழுந்தது.

"எடுக்காதே!"

மவுரீன் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பக்கத்தில் படபடவென்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். புனிதவதி காதுக்கு அடைப்பான் மாட்டியிருந்தாள். களத்துக்குள் மாட்டியே இருக்க வேண்டும் என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிற விதிதான். மவுரீன் ஓடினாள். சேறு காலை வாரியது. கையை ஆட்டினாள். புனிதவதி திரும்பியிருந்தால் பார்த்திருப்பாள்.

திரும்பவில்லை. குனிந்தாள், எடுத்தாள். சேற்றோடு அதை வலது கண்ணில் ஒற்றினாள், இடது கண்ணில் ஒற்றினாள், மேசையில் வைத்தாள். எல்லாம் இரண்டு மூச்சு நேரம்.

வைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கையை அந்தரத்தில் வைத்தபடி அப்படியே நின்றாள். புருவத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. மெதுவாகத் திரும்பினாள். நாலடி தூரத்தில் மவுரீன் மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

கதை சொல்கிற எனக்கே இந்த இடத்தில் பொல்லாத ஆத்திரம் வரும். விதி எழுதினவன் எங்கோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதிவிட்டான். பதற்றத்தில் குனிந்து எடுக்கிறவன் விசையைப் பிடித்துவிடுவான், யாராவது செத்துப்போவார்கள் என்று நினைத்தான். நினைத்தது சரிதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் ஆத்திரமே. அவள் அந்த இடத்தில் மரம் மாதிரி நின்று கையைத் தூக்கியிருந்தால் போதும். மவுரீனே எடுத்துத் துடைத்து உறையில் வைத்திருப்பாள். குற்றமே இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் லூகாஸ் ஷூக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். புனிதவதியைப் பார்த்தார், அவள் புருவத்துச் சேற்றைப் பார்த்தார், மவுரீனைப் பார்த்தார்.

"நான் ஒன்னும் பாக்கல லா," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தேநீர்ப் பக்கம் போய்விட்டார். ஒரு கயிறு கட்டாமலே கிடந்தது.

மவுரீன் கத்தியது காதில் விழுந்து, தலைமை அதிகாரி உடையப்பன் குடையோடு வந்து சேர்ந்தார். அறுபது வயது, ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜன். தொந்தி முன்னால் வரும், மனுஷன் பின்னால் வருவார்.

"என்னாச்சு மவுரீன்?"

உடையப்பன் சேற்றில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தார். மேசையில் சேறாகக் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தார். முப்பது வருடம் போலீசில் இருந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. புனிதவதியின் கதையும் அவருக்குத் தெரியும். கம்பெனிக்குப் போன கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுமா," என்றார் மெதுவாக. "நீ பாத்தியா? இல்ல, பாத்த மாதிரி இருந்துச்சா? மழ வேற. நீ தூரத்துல இருந்தே."

அவ்வளவு அகலமாக ஒரு கதவை அவர் திறந்துவிடுவார் என்று மவுரீன் எதிர்பார்க்கவில்லை. உள்ளே நுழைந்துவிட வேண்டியதுதான். 'சரியாத் தெரியலண்ணே' என்று ஒரு வார்த்தை. எட்டு குண்டு. ஒரு பிள்ளை அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கும்.

புனிதவதி ஒன்றும் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மவுரீனுக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும். அவள் அடைப்பானைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள்.

நாளைக்கு இன்னொருவன் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு ஆள் இருக்கிற பக்கம் திரும்புவான். அப்போது 'ஸ்டாப்' என்று கத்த வேண்டியது இதே வாய். அவள் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் நம்பி நிற்பது இந்தக் கண்ணை. மவுரீன் இதையெல்லாம் நினைத்தாள் என்று சொன்னால் பொய். அவளுக்கு நினைக்க நேரமில்லை. புனிதவதிக்குக் கை முந்திக்கொண்ட மாதிரி இவளுக்கு வாய் முந்திக்கொண்டது.

"பாத்தேண்ணே," என்றாள். "எடுத்தா. நான் பாத்தேன்."

உடையப்பன் குடையை மடக்கினார். ரொம்ப நேரம் அதன் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப எங் கையில ஒன்னும் இல்லம்மா," என்று புனிதவதியிடம் சொன்னார். தகுதி நீக்கத் தாளை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். நேரம் எழுதும் இடத்தில் மணி கேட்டாள். மவுரீன்தான் சொன்னாள், மூன்று பதினேழு என்று.

இனி களத்துக்குள் அந்தத் துப்பாக்கியைப் புனிதவதி கையால் தொடக் கூடாது. மவுரீன் அதை எடுத்தாள். அதன் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துக் காலியா என்று பார்த்தாள். காலிதான், ஒவ்வொரு ஸ்டேஜ் முடிவிலும் பார்த்த மாதிரியே காலி. சேற்றை வழித்துத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் புனிதவதியின் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"புனிதா, இன்னிக்கு ராத்திரி நான் வந்து பிள்ளகூடப் படுத்துக்கிறேன்."

"வாங்கக்கா," என்றாள் புனிதவதி. குரலில் கோபமே இல்லை. "இன்னிக்கு வருவீங்க. நாளைக்கு ஒங்களுக்கு ஸ்கூல் இருக்கு."

ஜெராமிலிருந்து அந்தத் தோட்டம் ஒரு மணி நேரம். தினமும் யார் போய் வர முடியும்? ஒரு ராத்திரி படுத்து எழுந்து வந்துவிட்டால் மறுநாள் அந்தப் பிள்ளைக்கு இன்னும் மோசமாக இருக்கும். மவுரீன் தான் சொன்னதைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள முடியாமலும், கூட்டிச் சொல்ல முடியாமலும் நின்றாள்.

புனிதவதியின் பாக்கெட்டில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். பிள்ளை. பச்சையை அழுத்திக் காதருகே கொண்டுபோனவள், வாயைத் திறந்தாள், மூடினாள். ஃபோனை மவுரீனிடம் நீட்டினாள்.

"நீங்க சொல்லிருங்கக்கா. எனக்கு வாய் வரல."

மவுரீன் வாங்கினாள்.

"அம்மா?"

"அம்மா இல்ல பாப்பா. மவுரீன் ஆன்ட்டி."

"ஆன்ட்டி! அம்மா முடிச்சுட்டாங்களா?"

பக்கத்துத் தடுப்பில் டைமர் பீப் என்றது. எட்டுக் குண்டு வரிசையாக வெடித்து ஓய்ந்தது. இந்தக் களத்தில் எதற்கும் ஒரு கட்டளை உண்டு, எல்லாமே மவுரீனுக்கு மனப்பாடம்.

"முடிஞ்சிருச்சு பாப்பா," என்றாள்.

"அப்ப அடுத்த மாசத்துலேர்ந்து லைட்ட அணைச்சுட்டுப் படுக்கலாம்தானே ஆன்ட்டி?"

மவுரீன் ஃபோனைக் காதில் வைத்தபடி புனிதவதியைப் பார்த்தாள். அவள் புருவத்துச் சேற்றைக்கூடத் துடைக்காமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தாள். அவள் ஃபோன் மவுரீன் கையில் இருந்தது.

"ஆன்ட்டி?" என்றது பிள்ளை. "ஆன்ட்டி, கேக்குதா?"